காமன் பொட்டலும் மெய்நிகர் உலகமும்

வீடு கட்டப் புகுவோன் முதலிற் கேட்க வேண்டிய வினா, "கல் எங்கே, மரம் எங்கே?" என்பதன்று, "இங்கே குடியிருக்கப் போகின்றவர் யார்? அவருக்கு வேண்டுவது யாது?" என்பதேயாகும். இவ்வினாவைக் கேளாது கட்டப்பட்ட தோட்டத்து லயங்களில் எம்மவர் தலைமுறை தலைமுறையாக இடர்ப்பட்டமையை ஊவாவில் வாழும் நாம் நன்கறிவோம். கண்ணுக்கென்றே கட்டப்படும் புதுவகை வீடொன்று இந்நாளில் தோன்றியுள்ளது. அதுவே மெய்நிகர் உலகம். அதனை நோக்கியும் அதே வினாவை எழுப்புதல் எம் கடனாகும்.

தலையில் அணியும் கருவியொன்று இரு கண்களுக்கும் சற்றே வேறுபட்ட காட்சிகளைக் காட்டுகின்றது. தலையைத் திருப்பினால் காட்சியும் உடன் திரும்புகின்றது. இதனால் நாம் அவ்வுலகினுள்ளேயே நிற்பதாக மனம் நம்பிவிடுகின்றது. 1968ஆம் ஆண்டு அமெரிக்க அறிஞர் ஐவன் சதர்லண்ட் இத்தகைய கருவியொன்றை ஆக்கியபோது, அதன் பாரத்தைத் தாங்க அதனைக் கூரையிலிருந்து தொங்கவிட நேர்ந்தது. இன்றோ அது எவரும் தலையில் மாட்டிக்கொள்ளத்தக்க அளவுக்குச் சுருங்கிவிட்டது.

ஆயினும், இல்லாத உலகொன்றை அமைத்து மக்களை அதனுட் புகுத்தும் கலை எமக்குப் புதிதன்று. மாசி மாதத்தில் தோட்டங்களில் நிகழும் காமன் கூத்தை நினைத்துப் பாருங்கள். பகலில் கொழுந்து கொய்தவரும் இறப்பர்ப் பால் எடுத்தவரும் இரவில் தேவராகின்றனர். தப்பு முழங்குகின்றது, காமன் பொட்டல் கயிலாயமாகின்றது. சிவபெருமானின் நெற்றிக்கண்ணால் மன்மதன் எரிந்ததும் இரதி புலம்புகின்றாள்; கூடியிருப்போரும் கண்ணீர் வடிக்கின்றனர். இரதிக்காக மட்டுமா அழுகின்றனர்? தத்தம் வீட்டு இழப்பையும் அல்லவா அங்கே அழுது தீர்க்கின்றனர்! சேர்ந்து அழுவதற்கு ஓரிடம் வேண்டியிருந்தது. அத்தேவையே அவ்வுலகைப் படைத்தது. கூத்து முடிந்ததும் அரிதாரத்தைக் கழுவிவிட்டு, இலேசான மனத்தோடு மீண்டும் மலையேறுகின்றனர். தேவையிற் பிறத்தல், கூடி நுகர்தல், வாழ்வுக்குத் திரும்புதல் ஆகிய இம்மூன்றுமே எந்த மாய உலகையும் அளத்தற்குரிய அளவுகோல்களாம்.

முதலில் உடலின் தேவையை நோக்குவோம். மெய்நிகர் உலகிலே கண் "ஓடுகின்றேன்" என்கின்றது. உட்செவியிலுள்ள சமநிலை உறுப்போ "நிற்கின்றேன்" என்கின்றது. இம்முரண்பாட்டால் குமட்டல் உண்டாகின்றது. பதுளை மலைப்பாதையில் பஸ்ஸிலிருந்து புத்தகம் படிப்பவருக்கு நேர்வது இதற்கு மறுதலையான முரண்பாடு. ஆகவே, தலை திரும்புவதற்கும் காட்சி திரும்புவதற்கும் இடையிலான தாமதம் ஒரு விநாடியின் ஐம்பதில் ஒரு பங்கை விஞ்சலாகாது என்பர் வல்லுநர்.

தேவையறிந்து படைத்தலுக்குச் சிறந்த சான்று, வாஷிங்டன் பல்கலைக்கழகத்து ஹன்டர் ஹொஃப்மன், டேவிட் பற்றர்சன் ஆகியோர் தீக்காயமுற்றோருக்கென அமைத்த 'பனியுலகம்' ஆகும். புண்ணைத் துப்புரவு செய்யும் வேளையில் எழும் வேதனை பொறுத்தற்கரியது. அவ்வேளையில் நோயாளி பனிப் பள்ளத்தாக்கிலே மிதந்து, பனிமனிதர் மீது பனியுருண்டைகளை எறிகின்றார். கவனம் அங்கே ஈர்க்கப்படவே, வலியை உணர்தல் குறைகின்றது. தீயிற் பட்டவருக்கு வேண்டுவது குளிர்ச்சி என்றுணர்ந்து அதையே ஓர் உலகாக்கிய பரிவு போற்றத்தக்கதன்றோ?

உள்ளத்தின் தேவை இன்னும் நுண்ணியது. 2020ஆம் ஆண்டு தென்கொரியத் தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்று, இறந்த சிறுமியின் உருவை அமைத்து அவள் தாயின் கண்முன் நிறுத்தியது. அணைக்க நீண்ட அன்னையின் கைகளோ காற்றையே தழுவின. 2022 பெப்ரவரியில் தமிழ்நாட்டு மணமக்களின் திருமண வரவேற்பு மெய்நிகர் உலகில் நடைபெற்றது. மணமகளின் மறைந்த தந்தையும் உருவமாகத் தோன்றி வாழ்த்தினார். அங்கே சுற்றமும் நட்பும் கூடியிருந்தன. துயரத்திற்கு அளிக்கப்படும் மருந்து, துயருற்றவரைத் தனிமையில் பூட்டிவிடுமாயின் அது நஞ்சாகவும் மாறலாம்.

இனி, எம் மண்ணின் தேவை யாது? 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி, கொஸ்லந்தைக்கு அண்மையிலுள்ள மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. அவ்விடம் அபாயமானதென முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. நிலம் வெடிப்பதும், மரங்கள் சாய்வதும், புதிய ஊற்றுகள் தோன்றுவதும் மண்சரிவின் முன்னறிகுறிகள். இவற்றை இனங்காணவும், மழையிரவில் எவ்வழியே வெளியேறுவதென்று பழகவும், ஆபத்தில்லாத மெய்நிகர் மலையொன்றை எம் மாணவர்க்கு அமைத்தால் அஃது உயிர்காக்கும் கல்வியாகும்.

ஆனால் ஒன்றை மறத்தலாகாது. வெளியேறிச் செல்ல வேறு வீடில்லாதவனுக்கு எச்சரிக்கையும் பயிற்சியும் மட்டும் போதா. மெய்நிகர் உலகில் ஆயிரம் மாளிகைகள் எழுப்பலாம். அவற்றுள் ஒன்றேனும் லயத்துக் கூரையின் ஒழுக்கை அடைக்காது. எனவே, இத்துறையைக் கற்க விழையும் இளைஞர்கள் கணினியின்முன் அமருமுன், ஒருமுறை லயத்து வாசலில் அமர்ந்து அங்குள்ளோர் கூறுவதைக் கேட்கட்டும். அவர்க்கு வேண்டுவது மாயமா, மெய்யா என்பது அங்கேதான் தெளியும்.