ஒரு மேடை, ஒரு வகுப்பறை, இரண்டு மொழிகள்: சனாஸ் தூஸியின் நாடகங்கள்

2023ஆம் ஆண்டு நாடகத்துக்கான புலிட்சர் பரிசு சனாஸ் தூஸி என்னும் இளம் அமெரிக்க நாடகாசிரியருக்கு வழங்கப்பட்டது. பரிசு பெற்ற நாடகத்தின் பெயர் 'இங்கிலீஷ்'. அதன் களம் அமெரிக்காவன்று. ஈரானில், தெஹ்ரானுக்கு மேற்கே உள்ள கராஜ் நகரத்து வகுப்பறை ஒன்று. அங்கே நால்வர் டோஃபல் தேர்வுக்காக ஆங்கிலம் பயில்கின்றனர். ஓர் ஆசிரியை கற்பிக்கிறார். நாடகம் முழுவதும் இந்த ஐவரே. மொழி கற்பித்தலைத் தொழிலாகக் கொண்ட நமக்கு இந்நாடகம் அறிமுகமாக வேண்டியது என்னும் எண்ணத்தினாலேயே இக்கட்டுரை எழுதப்படுகிறது.

தூஸி ஈரானியப் பெற்றோருக்குப் பிறந்து, கலிஃபோர்னியாவின் ஆரஞ்சு கவுண்டிப் பகுதியில் வளர்ந்தவர். நியூயார்க் பல்கலைக்கழகத்தின் டிஷ் கலைப் பள்ளியில் நாடக எழுத்து பயின்று 2018இல் முதுகலைப் பட்டம் பெற்றார். 'இங்கிலீஷ்' அப்பட்டத்துக்கான ஆக்கமாக எழுதப்பட்டதே. அவர் அங்குப் பயின்றுகொண்டிருந்த காலத்தில், 2017 சனவரியில், ஈரான் உள்ளிட்ட ஏழு நாட்டினர் அமெரிக்காவுக்குள் நுழைவதைத் தடுக்கும் ஆணை பிறப்பிக்கப்பட்டது. அந்த ஆணை எழுப்பிய சினமே நாடகத்துக்கு வித்தாயிற்று என்று தூஸி கூறியிருக்கிறார். ஆயினும் நாடகத்தில் அந்த ஆணையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. கதை நிகழும் ஆண்டு 2008. சினத்தில் பிறந்த படைப்பு முழக்கமாக மாறிவிடாமல் நகைச்சுவையாக மலர்ந்திருப்பது வியப்புக்குரியது.

2022இல் நியூயார்க்கின் அட்லாண்டிக் அரங்கக் குழுவும் ரவுண்டபவுட் குழுவும் இணைந்து, க்னூட் ஆடம்ஸின் இயக்கத்தில் இதனை முதலில் மேடையேற்றின. 2024இல் இங்கிலாந்தில் ராயல் ஷேக்ஸ்பியர் குழு நிகழ்த்தியது. 2025 சனவரியில் பிராட்வேக்குச் சென்றபோது, 2022இல் நடித்த அதே ஐந்து நடிகர்களே மீண்டும் மேடையேறினர். சிறந்த நாடகம் உட்பட ஐந்து டோனி பரிந்துரைகள் கிடைத்தன. சிறந்த நாடகத்துக்கான விருது பிராண்டன் ஜேக்கப்ஸ்-ஜென்கின்ஸின் 'பர்ப்பஸ்' நாடகத்துக்குச் சென்றது.

நாடகத்தின் உயிர்நாடி ஓர் எளிய உத்தி. பாத்திரங்கள் தங்களுக்குள் பாரசீகத்தில் பேசுவதாகக் கொள்ள வேண்டிய இடங்களில், நடிகர்கள் தடையற்ற, இயல்பான அமெரிக்க ஆங்கிலத்தில் பேசுவர். அவர்கள் ஆங்கிலத்தில் பேசுவதாகக் கொள்ள வேண்டிய இடங்களிலோ, அதே ஆங்கிலம் திக்கித் திணறி, அயல் ஒலிப்போடு, பிழைகளோடு வரும். அறிவிப்போ விளக்கமோ இல்லை. சில நிமிடங்களில் பார்வையாளரின் செவி இந்த மரபுக்குப் பழகிவிடுகிறது.

இதற்கு முன்னோடி இல்லாமல் இல்லை. அயர்லாந்தின் பிரையன் ஃப்ரீல் 1980இல் எழுதிய 'டிரான்ஸ்லேஷன்ஸ்' நாடகத்தில் ஐரிஷ் மொழி பேசுவோரும் ஆங்கிலேயரும் மேடையில் ஆங்கிலமே பேசுவர். ஆயினும் ஒருவர் பேச்சு மற்றவருக்கு விளங்காது. ஃப்ரீல் இரு சமூகங்களுக்கு இடையே எழுப்பிய சுவரைத் தூஸி ஒரே மனிதருக்குள் எழுப்புகிறார். தன் மொழியில் கூர்மையும் குறும்பும் சொல்வன்மையும் உடைய ஒருத்தி, அடுத்த நொடியே பிறமொழியில் குழந்தைபோலத் தடுமாறுவதை நாம் ஒரே குரலில் கேட்கிறோம். அயல் ஒலிப்போடு பேசுவோரை அறிவு குறைந்தோராக எண்ணும் பழக்கம் அமெரிக்க மேடைக்கும் திரைக்கும் புதிதன்று. அந்தப் பழக்கத்தை வாதத்தால் அல்லாமல் செவியின் வழியாகவே தூஸி தகர்க்கிறார்.

எல்ஹாம் என்னும் மாணவியிடம் இது மிகக் கூர்மையாக வெளிப்படுகிறது. மருத்துவக் கல்விக்காக ஆஸ்திரேலியா செல்ல விரும்பும் அவளுக்குத் தேவையான அறிவு இருக்கிறது. தேர்வு மதிப்பெண் மட்டும் இல்லை. பலமுறை தோற்றுவிட்டாள். ஆங்கிலம் தேவை, ஆனால் ஆங்கிலம் பிடிக்கவில்லை. பிறமொழியில் தன் முகம் வேறாகிவிடுகிறது என்பதை உணர்ந்து கொதிக்கிறாள். மேற்படிப்புக்காக அயல்நாடு சென்ற முதலாண்டில், கருத்தரங்க அறையில் நான் சொல்ல எண்ணிய மறுமொழி வாக்கியமாக உருப்பெறுவதற்குள் விவாதம் மூன்று பேரைக் கடந்து சென்றிருக்கும். அமைதியானவர் என்று என்னைப் பாராட்டியோரும் உண்டு! எல்ஹாமின் கொதிப்பை நான் புரிந்துகொள்ள நூலறிவு தேவைப்படவில்லை.

எதிர்முனையில் நிற்பவர் ஆசிரியை மர்ஜான். அவர் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ஒன்பது ஆண்டுகள் வாழ்ந்து திரும்பியவர். அங்கே 'மேரி' என்று அழைக்கப்பட்டதை வெறுக்காதவர். வகுப்பில் ஆங்கிலம் மட்டுமே பேச வேண்டும் என்று கரும்பலகையில் எழுதுகிறார். பாரசீகம் பேசினால் மதிப்பெண் குறைக்கிறார். அவரைக் கொடியவராகக் காட்டுவது எளிது. தூஸி அதைச் செய்யவில்லை. ஆங்கிலம் மர்ஜானுக்கு அடிமைத்தனம் அன்று. தான் வேறொருத்தியாக வாழ்ந்த காலத்தின் நினைவு. பயன்படுத்தாததால் அது தன்னிடமிருந்து நழுவிக்கொண்டிருக்கிறது என்னும் அச்சமும் அவருக்கு உண்டு. அந்த அச்சமே அவரை வகுப்பில் கண்டிப்பானவராக்குகிறது.

மூத்த மாணவியான ரோயாவின் பகுதி நாடகத்தின் மிகச் சிறந்த பகுதி என்பது என் கருத்து. கனடாவில் வாழும் மகன், தன் மகளோடு பேச வேண்டுமாயின் ஆங்கிலம் கற்றுக்கொண்டு வரும்படி தாயைக் கேட்டிருக்கிறான். நாடேர் என்று அவள் பெயரிட்ட பிள்ளை அங்கே 'நேட்' ஆகிவிட்டான். பேத்தியின் பெயர் கிளேர். ரோயா மகனுக்குத் தொலைபேசியில் ஆங்கிலச் செய்திகளை விட்டுவைக்கிறாள். தான் கற்ற புதுச் சொற்களைப் பெருமையோடு எடுத்துக்காட்டுகிறாள். மறுமொழி வருவது அரிது. ஒருநாள் மகன் அனுப்பிய குரற்செய்திகளை வகுப்பில் ஒலிக்கச் செய்கிறாள்: ஒன்று பாரசீகத்தில், மற்றொன்று ஆங்கிலத்தில். ஒன்றில் மகன் இருக்கிறான். மற்றொன்றில் கண்ணியமான அயலான் ஒருவன் இருக்கிறான். இழப்பை இதைவிடச் சிக்கனமாகச் சொல்லிவிட முடியாது.

குறையும் உண்டு. ஓமித் என்னும் மாணவனின் ஆங்கிலம் ஆசிரியையின் ஆங்கிலத்தையே விஞ்சுகிறது. அதற்கான காரணம் பின்னர் வெளிப்படும்போது கதை முடிச்சுக்காகக் கட்டப்பட்ட செயற்கை தெரிகிறது. அது என்னவென்று இங்கே கூறி, நாடகத்தைப் படிக்கப் போகிறவர்களின் சுவையைக் கெடுக்க விரும்பவில்லை. மற்ற மூன்று மாணவிகளும் தம் இயல்பால் நம்மை ஈர்க்க, ஓமித் மட்டும் ஓர் இரகசியத்தால் ஈர்க்க முயல்கிறான்.

தூஸியின் மற்றொரு நாடகமான 'விஷ் யூ வேர் ஹியர்' 2022இலேயே நியூயார்க்கின் பிளேரைட்ஸ் ஹொரைசன்ஸ் அரங்கில் நிகழ்த்தப்பட்டது. இதன் களமும் கராஜ் நகரமே. காலம் 1978 முதல் 1991 வரை. ஐந்து தோழியர் திருமண ஒப்பனை செய்கின்றனர், ஒருவரையொருவர் கேலி செய்கின்றனர், அச்சில் ஏற்ற முடியாத நகைச்சுவைகளைப் பகிர்ந்துகொள்கின்றனர். வெளியே புரட்சி நடக்கிறது. ஈராக்குடன் எட்டாண்டுப் போர் நடக்கிறது. மேடைக்கு வருவதோ அறைக்குள் குறைந்துகொண்டே போகும் தோழியரின் எண்ணிக்கை மட்டுமே. யூதப் பெண்ணான ரானா சொல்லாமல் கொள்ளாமல் குடும்பத்தோடு மறைந்துபோகிறாள். வரலாற்றைப் போர்க்களத்தில் காணாமல், வெறுமையான ஓர் இருக்கையில் காணும் பார்வை இது. 'இங்கிலீஷ்' நாடகத்தில் மர்ஜானாக நடித்த மர்ஜான் நெஷாத் இதிலும் முதன்மைப் பாத்திரமேற்றார்.

இனி நம் வகுப்பறைக்கு வருவோம். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் தமிழாசிரியர் பலர் மர்ஜானின் இடத்தில் நிற்கிறோம், திசை மட்டும் மாறியிருக்கிறது. "தமிழில் மட்டும் பேசு" என்கிறோம். வீட்டிலும் நண்பரிடையேயும் ஆங்கிலத்திலே விளையாடிப் பழகிய பிள்ளை, நம் வகுப்பில் வாய் திறந்ததும் எல்ஹாம் ஆகிவிடுகிறது. அதன் நகைச்சுவை, ஐயம், எதிர்வாதம் அனைத்தும் வாயிலுக்கு வெளியே நின்றுவிடுகின்றன. மூன்று சொல் வாக்கியங்கள் மட்டும் உள்ளே வருகின்றன. அந்த மூன்று சொற்களை வைத்தே அப்பிள்ளையின் அறிவை நாம் அளந்துவிடும் இடர் இருக்கிறது. விதியைக் கைவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மர்ஜான் விதியைத் தளர்த்தியிருந்தாலும் எல்ஹாமுக்கு அது உதவியிராது. விதியின் விலையை யார் செலுத்துகிறார் என்பதையாவது ஆசிரியர் அறிந்திருத்தல் வேண்டும்.

இந்நாடகத்தை நம் மாணவர்கள் தமிழில் நடித்தால் உத்தி என்னவாகும் என்று சிலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. பாரசீகத்தைத் தமிழாக்கி, ஆங்கிலத்தை ஆங்கிலமாகவே விட்டால் மேடையில் இரண்டு மொழிகள் வந்துவிடுகின்றன. ஒரே மொழி இரண்டாகப் பிளக்கும் வியப்பு போய்விடுகிறது. இரண்டையும் தமிழாக்கினால், சரளத் தமிழ் பாரசீகமாகவும் தடுமாறும் தமிழ் ஆங்கிலமாகவும் ஒலிக்க வேண்டும். தடுமாறும் தமிழுக்கு நம் நடிகர்கள் பயிற்சி எடுக்கத் தேவையிராது. சரளத் தமிழுக்கே ஒத்திகை வேண்டியிருக்கும். இறுதிக் காட்சி மேலும் சிக்கலானது. தேர்வில் வென்ற எல்ஹாம் மர்ஜானைச் சந்திக்கும் அக்காட்சியின் முடிவில், அதுவரை ஆங்கிலமாகவே ஒலித்த பாரசீகம் முதன்முறையாகப் பாரசீகமாகவே பேசப்படுகிறது. மொழிபெயர்ப்பு இல்லை. நியூயார்க் அரங்கில் அமர்ந்திருந்தோரில் பெரும்பாலோர் அப்போது அயலாராயினர். நம் மேடையில் அந்த இடத்தில் எந்த மொழியை வைப்பது? தமிழை வைத்தால், அது விளங்காமல் விழிக்கும் பார்வையாளர் நம் மாணவர்களின் உடன்பிறந்தோராகவே இருக்கக்கூடும்.