பிரம்பு போனது, பேரம் வந்தது

ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு நினைவிருக்கும். பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க வரும் அப்பா வாத்தியாரிடம் வைக்கும் ஒரே வேண்டுகோள்: "கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க சார்." வாத்தியாரும் அந்த அனுமதியை வீணாக்கியதில்லை. ரேங்க் கார்டில் சிவப்பு மைக் கோடு விழுந்தால் வீட்டில் இன்னொரு தவணை. ஏன் மார்க் குறைந்தது என்று யாரும் கேட்பதில்லை. பிள்ளையாக வாய் திறந்தால், எதிர்த்துப் பேசியதற்கு வேறு தனியாக விழும்.

அந்த அடியால்தான் அன்றைய பிள்ளைகள் இரக்கத்தோடு வளர்ந்தார்கள் என்று பெரியவர்கள் இன்றும் சாதிக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. வீட்டில் நான்கைந்து பிள்ளைகள். தம்பியை இடுப்பில் தூக்கித் திரிந்த அக்காவுக்கே பத்து வயது இருக்காது. பாட்டிக்கு வெற்றிலை இடித்துத் தருவது ஒருவன் வேலை, மூடிய குழம்புக் கிண்ணத்தோடு பக்கத்து வீட்டுக்கு ஓடுவது இன்னொருவன் வேலை. அடுத்தவர் தேவை கண்ணில் பட்டது இப்படித்தான். (தம்பிக்காகப் படிப்பை விட்ட அக்காக்கள் எத்தனை பேர் என்பதையும் மறக்க வேண்டாம்.)

இன்று நிலைமை வேறு. தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 பிள்ளை என்றது 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. தூக்க இடுப்பில் தம்பி இல்லை. பள்ளியில் அடிப்பதை 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடுத்துவிட்டது, நல்லதுதான். பிரம்பின் இடத்துக்கு வந்ததோ பேரம்: "தொண்ணூறு எடு, சைக்கிள் வாங்கித் தர்றேன்." பொதுத்தேர்வில் முதல் இடங்களை அறிவிப்பதை 2017இல் அரசே நிறுத்தியது. வீடுகள் நிறுத்தவில்லை. காய்ச்சலில் கிடந்த தோழிக்கு நோட்டைக் கொடுத்துவிட்டு வரும் சிறுமியிடம், "அவ உன்னைவிட ரெண்டு மார்க் கூட வாங்கிட்டா என்னடி பண்ணுவே?" என்று கேட்கும் அம்மாக்களை எல்லாப் பள்ளி வாசலிலும் பார்க்கலாம்.

அமெரிக்க உளவியலாளர் டயானா பாம்ரிண்ட் 1960களில் சின்னஞ்சிறு பிள்ளைகளையும் பெற்றோரையும் கூர்ந்து பார்த்து மூன்று வகை பிரித்தார்: அதட்டி அடக்குபவர்கள், கேட்டதற்கெல்லாம் தலையாட்டுபவர்கள், பாசத்தோடு கண்டித்துக் காரணமும் சொல்பவர்கள். மூன்றாம் வகையினர் வீட்டுப் பிள்ளைகள்தான் தன்னம்பிக்கையோடும் கட்டுப்பாட்டோடும் இருந்தார்கள். பின்னாளில் கலிபோர்னியாவின் உயர்நிலைப் பள்ளி மாணவர்களின் மதிப்பெண்ணிலும் இது தெரிந்தது. ஆசியக் குடும்பங்களில் மட்டும் அவ்வளவு தெளிவாக இல்லை. "நீ தள்ளினதாலதான் அவன் அழறான், பாரு" என்று எடுத்துச் சொல்லும் பெற்றோரின் பிள்ளைகளிடமே பரிவு அதிகம் என்றார் மார்ட்டின் ஹாஃப்மன் என்ற இன்னொரு உளவியலாளர்.

அன்றைய அப்பா காரணம் சொல்லவில்லை. இன்றைய அப்பா விலை சொல்கிறார். பெரிய முன்னேற்றம் என்று எனக்குத் தோன்றவில்லை. பள்ளிக்கு வராத நண்பனுக்குப் பாடத்தைப் படமெடுத்து அனுப்ப உங்கள் மகன் போனைக் கேட்டால், பேசாமல் கொடுத்துவிடுங்கள்.