கருவுக்கு முன்னே ஓர் ஊசி

1957 மே மாதம் சிங்கப்பூரிலிருந்து மதராஸ் துறைமுகத்துக்கு ஒரு கப்பல் வந்தது. அதில் காய்ச்சல்காரர்கள் இருந்தார்கள். உலகம் ஆசியக் காய்ச்சல் என்று பேர் வைத்த புளூ, இந்தியாவுக்குள் நுழைந்தது அப்படித்தான். சில வாரங்களில் அது நாடு முழுக்கப் பரவிவிட்டது. குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் இயங்கிய இன்ஃப்ளூயன்சா மையம் அந்தக் கிருமியை ஆராய்ந்தது. ஆனால் அன்றைக்கு வயிற்றில் பிள்ளையோடு காய்ச்சலில் படுத்தவளுக்குக் கிடைத்தது கஞ்சியும் கஷாயமும் நெற்றியில் ஒரு ஈரத்துணியும்தான். காய்ச்சல் வருமுன் காக்கும் வழி அவள் கைக்கு எட்டவில்லை.

அதற்கு முன்பு 1918இல் வந்தது இன்னும் கொடியது. அந்த விஷக்காய்ச்சல் இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோனது. அமெரிக்காவில் ஒரு மருத்துவர் அப்போது நோயில் விழுந்த 1,350 கர்ப்பிணிகளின் விவரங்களைத் திரட்டி 1919இல் வெளியிட்டார். அவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு நிமோனியா கண்டது. அந்தப் பாதியிலும் பாதிக்கு மேல் இறந்துபோனார்கள். 1957இல் மினசோட்டா மாநிலத்திலும் இதே கதைதான். பிள்ளை பெறும் வயதில் புளூவுக்குப் பலியான பெண்களில் பாதிப் பேர் கர்ப்பிணிகள்.

ஏன் கர்ப்பிணிகளை இது இப்படி வாட்டுகிறது? கர்ப்பப்பை பெரிதாகப் பெரிதாக உதரவிதானம் மேலே தள்ளப்பட்டு நுரையீரல் விரிய இடம் குறைகிறது. இதயம் வழக்கத்தைவிட அதிகமாக உழைக்கிறது. உள்ளே வளரும் சிசுவை அந்நியமென்று தாக்காதபடி உடலின் எதிர்ப்புச் சக்தியும் தன்னை மாற்றிக்கொள்கிறது. இந்த மூன்றும் சேரும்போது, மற்றவர்களுக்கு நாலு நாளில் போகிற காய்ச்சல் இவர்களுக்கு மூச்சுத்திணறலில் போய் நிற்கலாம்.

இன்னொரு விஷயத்தைப் பலரும் யோசிப்பதில்லை. சிசுவின் மூளையும் தண்டுவடமும் உருவாகப்போகிற நரம்புக்குழாய், கரு தரித்து நாலு வாரத்துக்குள் மூடிக்கொள்கிறது. அந்த நாட்களில் கடுமையான காய்ச்சல் வந்தால் அதில் குறை ஏற்படும் வாய்ப்பு கூடுகிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. நாலு வாரம் என்பது, நாள் தள்ளிப்போனதையே ஒரு பெண் அப்போதுதான் கவனித்திருக்கக்கூடிய காலம். அதனால்தான் பாதுகாப்பைப் பற்றிய பேச்சு, குழந்தை வேண்டும் என்று முடிவெடுக்கும்போதே தொடங்க வேண்டும்.

தடுப்பூசி வந்தும் அது கர்ப்பிணியைச் சேர வெகுகாலம் ஆயிற்று. 1960இலேயே அமெரிக்க அரசு கர்ப்பிணிகளுக்குப் புளூ ஊசியைப் பரிந்துரைத்தது. இருந்தும் கர்ப்ப காலத்தில் எதையும் கொடுக்கக் கூடாது என்ற தயக்கம் மருத்துவர்களிடம் ஊறியிருந்தது. 1997இல் அந்த நாட்டின் ஆலோசனைக் குழு 14 வாரத்துக்குப் பிறகு போடலாம் என்றது. 2004இல் எந்த மாதத்திலும் போடலாம் என்றது. 2012இல் உலக சுகாதார நிறுவனம் கர்ப்பிணிகளை முன்னுரிமை வரிசையில் முதலிடத்தில் வைத்தது.

இந்த மாற்றத்தில் என்னை மிகவும் தொட்டது டாக்காவில் நடந்த ஆய்வு. 340 தாய்மார்கள் அதில் பங்கேற்றார்கள். கர்ப்பத்தில் புளூ ஊசி போட்டுக்கொண்டவர்களின் குழந்தைகளுக்கு, ஆறு மாதம் வரை, பரிசோதனையில் உறுதியான புளூ 63 சதவீதம் குறைவு என்று 2008இல் முடிவு வெளியானது. ஆறு மாதம் நிரம்பாத குழந்தைக்கு இந்த ஊசியைப் போட முடியாது. அதுவரை தாய் தன் ரத்தத்தின் வழியே கொடுத்தனுப்பும் எதிர்ப்புச் சக்திதான் பிள்ளைக்குத் துணை.

இன்று பிள்ளைக்குத் திட்டமிடும் தம்பதியர் நிறையவே தயாராகிறார்கள். ஃபோலிக் அமிலம், தைராய்டு, சர்க்கரை, ரூபெல்லா எல்லாம் பார்க்கிறார்கள். குழப்பம் வருவதும் இங்கேதான். ரூபெல்லா ஊசியில் இருப்பது வீரியம் குறைத்த உயிருள்ள கிருமி. அதைப் போட்ட பின் ஒரு மாதம் கருத்தரிப்பைத் தள்ளிவைக்கச் சொல்வார்கள். அதே விதியைப் புளூ ஊசிக்கும் பொருத்திப் பயப்படுகிறவர்கள் உண்டு. கையில் போடும் வழக்கமான புளூ ஊசியில் உயிருள்ள கிருமி இல்லை. அதற்குக் காத்திருப்பு எதுவும் தேவையில்லை. போட்ட மாதமே கரு தங்கினாலும் கவலை வேண்டாம். மூக்கில் அடிக்கும் உயிருள்ள கிருமி மருந்தைத்தான் கர்ப்பிணிகள் தவிர்க்க வேண்டும். ஊசிக்குப் பின் கைவலியோ ஓரிரு நாள் லேசான காய்ச்சலோ வரலாம்.

“மாசமா இருக்கிறவளுக்கு எதுக்கு ஊசி?” என்று கேட்கும் வீடுகள் இன்றும் இருக்கின்றன. அதே வீடுகள்தான் ரண ஜன்னி ஊசியை மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டன. கிராம சுகாதார செவிலியர் தேடி வந்து போட்டதாலும் இலவசமாகக் கிடைத்ததாலும் அது வழக்கமாயிற்று. 2015இல் தாய்க்கும் சிசுவுக்கும் வரும் ரண ஜன்னியை இந்தியா ஒழித்துவிட்டதாக அறிவிக்க முடிந்தது அப்படித்தான். புளூ ஊசியோ தேசியத் தடுப்பூசி அட்டவணையில் இன்னும் சேரவில்லை. தனியாரிடம் ஆயிரம் ரூபாய்க்கு மேல் கொடுக்க வேண்டியிருக்கிறது. மகாராஷ்டிர அரசு கர்ப்பிணிகளுக்கு இதை இலவசமாகக் கொடுத்திருக்கிறது. ஒரு மாநிலத்தால் முடிந்தது மற்ற மாநிலங்களாலும் முடியும். கூலி வேலைக்குப் போகும் பெண்ணுக்கு அரசு கொடுத்தால்தான் உண்டு.

சென்னையில் வடகிழக்குப் பருவமழையோடு புளூ தலைதூக்குகிறது. ஊசி போட்டுப் பாதுகாப்பு உருவாக ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும். கிருமி உருமாறிக்கொண்டே இருப்பதால் போன வருஷத்து ஊசி இந்த வருஷத்துக்குப் போதாது. ஆகவே குழந்தைக்குத் திட்டமிடுகிறவர்கள் செப்டம்பரிலேயே மகப்பேறு மருத்துவரிடம் இதைக் கேளுங்கள். ஏற்கெனவே கருவுற்றிருந்தாலும் கேளுங்கள். முன்பு ஏதேனும் தடுப்பூசிக்குக் கடும் ஒவ்வாமை வந்திருந்தால் மறக்காமல் சொல்லுங்கள். கணவரும் வீட்டில் உள்ள பெரியவர்களும் கூடவே போட்டுக்கொள்வது நல்லது.