அடிச்சு ஆடுறவர்கிட்ட ப்ளஃப் எப்போ எடுபடும்?

போக்கர்ல ஒவ்வொரு கைக்கும் பந்தயத்தை ஏத்திக்கிட்டே இருக்கிற ஒருத்தர் எதிர்ல உட்கார்ந்திருந்தா, நிறைய பேர் பயந்து சீட்டைக் கவுத்துடுவாங்க. இல்லன்னா வீம்புக்கு அவரைவிட அதிகமா ஏத்துவாங்க. மூணாவதா ஒரு வழி இருக்கு: அவருக்கு அப்புறம் பேசுறது.

டெக்சாஸ் ஹோல்டம்ல முறை கடிகார திசையில சுத்தும். ஃப்ளாப் விழுந்த பிறகு, டீலர் பட்டன் வச்சிருக்கறவர்தான் ஒவ்வொரு சுற்றிலும் கடைசியா முடிவெடுப்பார். இதைத்தான் பொசிஷன்னு சொல்றாங்க. அதனால அடிச்சு ஆடுறவருக்கு இடப்பக்கம் நாற்காலி கிடைச்சா விடாதீங்க. பெரும்பாலான கைகள்ல அவர் என்ன பண்றார்னு பார்த்துட்டு நீங்க முடிவெடுக்கலாம். என் வேலையில சொல்லணும்னா, பொசிஷன் இல்லாம ப்ளஃப் பண்றது லாக் பார்க்காம பக் தேடுற மாதிரி.

இந்த மாதிரி ஆட்கள் நல்ல சீட்டுக்கும் கட்டுவாங்க, வெத்துச் சீட்டுக்கும் கட்டுவாங்க. அதனால அவங்க கட்டுறதுல நமக்குக் கிடைக்கிற தகவல் கம்மி. கட்டிக்கிட்டே வந்தவர் திடீர்னு 'செக்' சொன்னா, அதுலதான் தகவல் இருக்கு. சில சமயம் அது பொறியாவும் இருக்கலாம். ஆனா பல சமயம் நடுத்தரமான சீட்டுதான்.

2003 உலகத் தொடர் போக்கர் இறுதி ஆட்டத்தைப் பாருங்க. 839 பேர்ல மிஞ்சினது ரெண்டு பேர். ஒருத்தர் டென்னசியைச் சேர்ந்த கணக்காளர் கிறிஸ் மணிமேக்கர். இன்னொருத்தர் அடிச்சு ஆடுறதுக்குப் பேர் போன சாமி ஃபர்ஹா. நாலாவது பொதுச் சீட்டா இஸ்பேட் 8 விழுந்தப்போ, மேசையில மூணு இஸ்பேட். ஃபர்ஹா 3 லட்சம் சிப்ஸ் கட்டினார், மணிமேக்கர் அதை 8 லட்சமா ஏத்தினார். கடைசிச் சீட்டு யாருக்கும் உதவல. ஃபர்ஹா செக். மணிமேக்கர்கிட்ட ஒரு ஜோடிகூட இல்லை, ஆனா மொத்த சிப்ஸையும் தள்ளிட்டார். ஃபர்ஹா 9 ஜோடியைக் கீழே போட்டார். அதுதான் ஜெயிக்கிற கை!

ஏன் எடுபட்டுச்சு? ஒண்ணு, மணிமேக்கர் அந்த செக்கைப் பார்த்த பிறகு முடிவெடுத்தார். ரெண்டு, மூணாவது இஸ்பேட் விழுந்ததுமே ஏத்தினதால, 'ஃப்ளஷ் இருக்கு'ங்கிற கதை நம்புற மாதிரி இருந்துச்சு. மூணு, இஸ்பேட் ராஜா அவர் கையிலயே இருந்ததால, ஃபர்ஹாகிட்ட பெரிய ஃப்ளஷ் இருக்க வாய்ப்பு குறைவு.

இப்போ கணக்கு. பாட்ல 1000 இருக்கு, நீங்க 500 கட்டி ப்ளஃப் பண்றீங்க. மூணு தடவைல ஒரு தடவை அவர் விலகினாலே நஷ்டமில்லை. 1000 கட்டினா, ரெண்டுல ஒரு தடவை விலகணும்.

அதனால முதல்ல கவனிக்க வேண்டியது, அவர் எவ்வளவு கட்டுறார்ங்கிறது இல்லை. திருப்பி அடிச்சா விலகுறாரா என்பதுதான். எதுக்குமே விலகாத ஆள்கிட்ட ப்ளஃப் வேண்டாம், நல்ல சீட்டு வர்ற வரைக்கும் காத்திருங்க. இதைப் பழக பணமும் வேண்டாம். நாலு நண்பர்களும் ஒரு கிண்ணம் புளியங்கொட்டையும் போதும்.