செயலி முதலில் பொருளைக் கற்பிக்கட்டும்

என்னிடம் பொருளியல் பயின்ற மாணவர் ஒருவர் அண்மையில் ஆத்தங்குடியில் உள்ள என் வீட்டுக்கு வந்திருந்தார். சென்னையில் மென்பொருள் துறையில் பணியாற்றும் அவர், எங்கள் ஊர்ப் பட்டறைகளின் டைல்ஸை வெளியூர்க்காரர்கள் நேரடியாக வாங்குவதற்கான கைபேசிச் செயலி ஒன்றின் மாதிரியைக் காட்டினார். “மூன்றே தொடுதலில் வாங்கிவிடலாம் ஐயா” என்றார். “வாங்கியவர், கல் வந்து இறங்கியதும் முப்பது நாள் சண்டை போடுவாரே தம்பி” என்றேன். வேடிக்கையாகச் சொன்னாலும், அதற்குள் ஒரு பொருளியல் சிக்கல் இருக்கிறது.

தகவல் இடைவெளி: ஆத்தங்குடி டைல்ஸ் சூளையில் சுடப்படுவதில்லை. கண்ணாடித் தகட்டின் மேல் பூ அச்சை வைத்து, நிறம் சேர்த்த சிமெண்ட் குழம்பைக் கையால் ஊற்றுகிறார்கள். பின்பு அச்சை எடுத்துவிட்டு, மணலும் சிமெண்டும் கலந்து அடைத்து, தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்து, உலர்த்துகிறார்கள். அதன் பளபளப்பு கண்ணாடி தந்தது. கைவேலை என்பதால், ஒரு கல்லின் பூ மற்றொன்றில் அப்படியே இராது. இது இவ்வூராருக்குத் தெரியும். பெங்களூருவில் முதல் வீடு கட்டுபவருக்குத் தெரியாது. அதே பூவை அச்சிட்ட ஆலை டைல்ஸும் கைபேசித் திரையில் அவருக்கு ஒன்றுபோலவே தோன்றும்.

தரத்தைப் பிரித்தறிய முடியாதவர் சராசரிப் பொருளுக்கான விலையையே தர முன்வருவார். அந்த விலை கட்டுப்படியாகாத நல்ல விற்பனையாளர் சந்தையைவிட்டு விலகுவார், மட்டமானது நிலைக்கும். பழைய கார்ச் சந்தையை முன்வைத்து, ஜார்ஜ் ஏகர்லாஃப் 1970இல் இதை விளக்கினார். 2001இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் அவரும் ஒருவர். எங்கள் பட்டறைகளை எதிர்நோக்கும் ஆபத்தும் இதுவே.

எது எளிமை? தொடுதல்களைக் குறைப்பது மட்டுமே எளிமை ஆகாது. புதியவர் தவறாகத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பைக் குறைப்பதே எளிமை. எனவே, மாணவரிடம் சில மாற்றங்களைச் சொன்னேன். அறையின் நீள அகலத்தை முதலில் கேட்க வேண்டும். பத்துக்குப் பத்து அடி அறைக்கு எட்டு அங்குலக் கல் 225 தேவை. உடைவதற்கும் வெட்டுவதற்கும் கூடுதலாக எத்தனை என்பதையும் செயலியே கணக்கிட்டுத் தரட்டும். ஒரே வடிவத்தில் செய்த ஐந்து கற்களைப் பகல் வெளிச்சத்தில் அருகருகே படமெடுத்துக் காட்டினால், வேறுபாடு குறையல்ல என்பது விளங்கும். அமிலம் ஊற்றிக் கழுவக் கூடாது, பழகிய கொத்தனாரே பதிக்க வேண்டும், புழங்கப் புழங்க மெருகு ஏறும் என்பவற்றைப் பணம் செலுத்துவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். லாரி வாடகை எவ்வளவு, வழியில் உடைந்தால் யார் பொறுப்பு என்பவையும் கல்லின் விலைக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

சட்டத்தின் துணை: மாதிரிச் செயலியில் ‘இன்னும் இரண்டு மணி நேரமே சலுகை’ என்றொரு வரியும் ஓடிக்கொண்டிருந்தது. அப்படி ஒரு சலுகையே இல்லை! பொய்யான அவசரத்தைக் காட்டுவது, கேட்காத பொருளைக் கூடையில் சேர்ப்பது, கட்டணங்களைக் கடைசியில் வெளியிடுவது உள்ளிட்ட 13 உத்திகளை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் தடைசெய்கின்றன. ஏமாற்றப்பட்டவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். ஆனால், சட்டம் பொய்யைத்தான் தடுக்கும். புதியவருக்குப் பொருளைப் புரியவைக்கும் வேலை வடிவமைப்பாளருடையது.

“இவ்வளவையும் படித்துவிட்டுச் சிலர் வாங்காமல் போய்விடுவார்களே ஐயா?” என்று கேட்டார் மாணவர். போகட்டும். விவரம் தெரியாமல் வாங்கிய ஒருவர் ஒரு லாரிச் சுமையைத் திருப்பி அனுப்பினால், பெரிய நிறுவனத்துக்கு அது கணக்கேட்டில் ஒரு வரி. நான்கைந்து பேர் வேலைசெய்யும் பட்டறைக்கோ பல வாரக் கூலி. தெரிந்துகொண்டு விலகுபவரால் யாருக்கும் இழப்பு இல்லை. தெரிந்துகொண்டு வாங்குபவர், அடுத்த வீட்டுக்காரரையும் அழைத்து வருவார்.