இந்த வரி யாருடையது?

தனி ஊசலின் அலைவு நேரத்தை அளந்துவிட்டு, கையொப்பத்துக்காக மாணவர்கள் என்னிடம் நோட்டை நீட்டுவார்கள். சில நாட்களில் இரண்டு நோட்டுகளின் எண்கள் கடைசி இலக்கம் வரை ஒன்றாகவே இருக்கும். “இது நீ எடுத்த அளவுதானா?” என்று கேட்பேன். விடை சரியா என்பது அதற்கு அடுத்த கேள்வி. கணிப்பொறி உலகிலும் இதே கேள்வி எழுகிறது, தெரியுமா?

கணிப்பொறிக்கு நாம் இடும் கட்டளைகளின் தொகுப்பே நிரல். சில நிரல்களை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கும் வழங்கலாம். இவையே திறந்த மூல மென்பொருள்கள். ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ஆம் ஆண்டில் தொடங்கிய லினக்ஸ் இவற்றுள் புகழ்பெற்றது. உலகெங்குமிருந்து ஆயிரக்கணக்கானோர் அதற்கு நிரல் எழுதி அனுப்பியிருக்கிறார்கள்.

திறந்திருப்பதால் அது உரிமையாளர் அற்றதா? இல்லை. கதையைப் போலவே நிரலுக்கும் பதிப்புரிமை உண்டு. உரிமை உடையவர் உரிமம் தந்து அனுமதிப்பதால்தான் அது திறந்திருக்கிறது. உரிமை இல்லாதவர் தரும் அனுமதி செல்லாது.

2003-ஆம் ஆண்டு மார்ச்சில் அமெரிக்காவின் எஸ்.சி.ஓ. நிறுவனம் ஐ.பி.எம். மீது வழக்குத் தொடுத்தது. யூனிக்ஸ் தொடர்பான தன் உரிமைகளை மீறி ஐ.பி.எம். லினக்ஸை வளர்த்தது என்பது குற்றச்சாட்டு. முதலில் கேட்ட இழப்பீடு 100 கோடி டாலர்! எந்த வரி எங்கிருந்து வந்தது என்று காட்ட, 1992-ஆம் ஆண்டின் பழைய மின்னஞ்சல்களைக்கூடத் துருவ வேண்டியதாயிற்று. யூனிக்ஸ் பதிப்புரிமை எஸ்.சி.ஓ.வுக்கு மாறவில்லை, நோவெல் நிறுவனத்திடமே உள்ளது என்று 2010-இல் ஜூரிகள் முடிவு கூறினர். ஐ.பி.எம். மீதான வழக்கோ 2021-இல்தான் சமரசத்தில் முடிந்தது.

இதற்கிடையே, 2004-இல் டோர்வால்ட்ஸ் ஓர் எளிய வழி கண்டார். நிரல் அனுப்புபவர் அதன் அடியில் தம் பெயரிட்டு ஒப்பமிட வேண்டும். ‘இதை நானே எழுதினேன், அல்லது தகுந்த திறந்த உரிமம் உள்ள நிரலிலிருந்து எடுத்தேன், அல்லது இவ்வாறு உறுதி கூறிய ஒருவரிடமிருந்து பெற்றேன்’ என்பதே அந்த ஒப்பத்தின் பொருள். அதை வாங்கி மேலே அனுப்புபவரும் தம் ஒப்பத்தைச் சேர்ப்பார். ஒவ்வொரு திருத்தமும் வந்த வழி இப்படிப் பதிவாகிவிடுகிறது.

எக்லிப்ஸ் போன்ற அமைப்புகளில் இதை ஆராயத் தனிக் குழுவே உண்டு. எழுதியவர் யார்? பணிபுரியும் நிறுவனத்தின் சம்மதம் உண்டா? பிறரிடமிருந்து எடுத்த பகுதி எது? அதன் உரிமம் இதனோடு பொருந்துமா? இவையே அவர்கள் பார்ப்பவை.

மாணவ நண்பர்களே! நாளை நீங்களும் நிரல் எழுதி அனுப்பலாம். எங்கோ கண்ட பத்து வரிகளை நல்லெண்ணத்தோடு சேர்த்தாலும், பின்னர் அவற்றை நீக்க நேர்ந்தால், அவற்றின்மேல் பிறர் கட்டியவையும் ஆட்டங்காணும். எனவே, எடுத்ததை எடுத்தது என்றே எழுதுங்கள். ஊசலின் அளவுகளுக்கும் அதுதான் விதி.