தலையை ஒட்டி ஒரு முயல்: மெக்சிகோவின் சித்திரப் பெயர்கள்

வரிசை வரிசையாக மனிதத் தலைகள். ஒவ்வொரு தலையை ஒட்டியும் ஒரு குட்டிச் சித்திரம்: முயல், கழுகு, பாம்பு, சில இடங்களில் மண்டை ஓடு. அதுதான் அந்த ஆளின் பெயர்! மத்திய மெக்சிகோவின் ஹுவெஹோட்சிங்கோ பகுதியில், 1560-ல் வரி செலுத்துவோரைக் கணக்கெடுத்து எழுதிய ஏடு இது. இப்போது பாரிஸில், பிரான்ஸ் தேசிய நூலகத்தில் இருக்கிறது.

நாவாட்டில் மொழி பேசிய மக்களிடம் 260 நாள் கொண்ட ஒரு காலக் கணக்கு இருந்தது. முதலை, காற்று, வீடு, பல்லி என 20 நாள் சின்னங்கள். 1 முதல் 13 வரை எண்கள். இரண்டும் சேர்ந்து சுழல, '7 பூ', '1 நாணல்' என்று ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பெயர். அன்று பிறந்த குழந்தைக்கும் அதே பெயர்தான்.

ஆனால், எல்லா நாளும் நல்ல நாள் இல்லையே! '2 முயல்' அன்று பிறந்தவன் குடிகாரன் ஆவான் என்று நம்பினார்கள். கள் போன்ற 'புல்கே' பானத்தின் தெய்வங்களுக்கு முயல்தான் அடையாளம். பெற்றோர் பதறிப்போய் நாள் பார்ப்பவரிடம் ஓடுவார்கள். அவர் சுவடியைப் புரட்டி, அதே 13 நாள் வட்டத்துக்குள் வேறொரு நல்ல நாளைக் குறித்துக் கொடுப்பார். பெயர் சூட்டும் சடங்கு அந்த நாளுக்குத் தள்ளிப்போகும். விதியிலும் கொஞ்சம் சலுகை உண்டு போல!

சடங்கை நடத்துவது மருத்துவச்சி. குழந்தையைக் குளிப்பாட்டுவார். ஆண் குழந்தை என்றால் பக்கத்தில் குட்டிக் கேடயமும் அம்புகளும் இருக்கும். பெண் என்றால் நூல் நூற்கும் கதிர். சிறுவர்கள் மூவர் அந்தப் பெயரை உரக்கக் கூவுவார்கள். 1540-களில் வரையப்பட்ட மெண்டோசா ஏட்டில் இந்தக் காட்சியையே பார்க்கலாம். பெண்களுக்கோ பெரும்பாலும் மூத்தவள், நடுவள், கடைக்குட்டி என்று பிறந்த வரிசைதான் பெயர். சித்திரம் தேடும் சிரமம்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

ஸ்பானியர் வந்த பிறகு, நாள் பார்ப்பது சாத்தானின் வேலை என்றார்கள் பாதிரியார்கள். சஹகூன் என்ற துறவி அதைக் கடுமையாகச் சாடினார். ஆனால், 20 சின்னங்களையும் அவற்றின் பலன்களையும் விரிவாக எழுதி வைத்ததும் அவர்தான். ஊர் மக்கள் ஞானஸ்நானம் பெற்று ஹுவான், பெத்ரோ ஆனார்கள். பழைய பெயர் பின்னால் ஒட்டிக்கொண்டது.

ஒரே ஊரில் எத்தனை ஹுவான்கள்! யாரிடம் வரி வாங்குவது? ஆளைப் பிரித்துக் காட்ட பழைய பெயர் தேவைப்பட்டது. அதனால் ஏட்டில் ஹுவான் என்று லத்தீன் எழுத்தில் இருக்க, தலையருகே பாம்போ மானோ எட்டிப் பார்க்கிறது. எண்ணைக் குறிக்கும் புள்ளிகள் மட்டும் பல இடங்களில் இல்லை.